கவுன்டரில் சத்தம் ஏறும்போது: பெங்களூரு அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு

பெங்களூருவில் அரசு வங்கி, தாலூகா ஆபீஸ், மாநகராட்சி வார்டு ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, பிஎம்டிசி (மாநகர பஸ்) என்று எங்கே வேலை பார்த்தாலும் ஒரு விஷயம் பொது. மக்களின் கோபம் நம் முகத்தில் வந்து விழும், ஆனால் அது பிறந்த இடம் வேறாக இருக்கும். சர்வர் படுத்திருக்கும், மேலிடம் நேற்று ராத்திரி ஒரு சர்க்குலர் போட்டிருக்கும், அந்த மனிதர் ஏற்கெனவே மூன்று ஆபீஸ் அலைந்துவிட்டு வந்திருப்பார். இதில் கோலார் தங்கவயலில் இருந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து வந்து சீட்டில் உட்கார்ந்த கிளார்க்கிடம் "கொஞ்சம் பொறுமையாப் பேசும்மா" என்று சொல்வதால் எதுவும் மாறாது. ஆபீஸ் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை வாய்ச்சண்டை கைகலப்பாக மாறிய இடங்களில் எல்லாம் ஊழியர் அந்த நேரத்தில் தனியாக இருந்தார். எனவே கீழே வருவது எல்லாமே இதைச் சுற்றித்தான்: கோபத்தில் இருக்கும் ஆளோடு எந்த ஊழியரையும் தனியாக விடாதீர்கள், சம்பவம் முடிந்த பிறகும் விடாதீர்கள்.

சண்டை வரும் நாள் முன்கூட்டியே தெரியும்

கேலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாத முதல் வாரம் பென்ஷன். நவம்பர் முழுக்க, பென்ஷன்தாரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான லைஃப் சர்டிஃபிகேட். மார்ச் கடைசி. மூன்று நாள் தொடர் விடுமுறை முடிந்து திறக்கும் காலை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்றால் பத்திரப் பதிவுக்கான காவேரி சர்வர் நின்றுபோகும் எந்த நாளும். அந்த நாட்களில் லீவைக் குறைத்து, கவுன்டரைக் கூட்டி, அனுபவசாலி ஒருவரை முன்னால் உட்கார வைப்பதுதான் முதல் பாதுகாப்பு நடவடிக்கை, சிசிடிவி எல்லாம் அப்புறம்.

கூட்டத்தையே குறைக்கவும் வழி இருக்கிறது. 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் லைஃப் சர்டிஃபிகேட்டை அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், ஜீவன் பிரமாண் மூலம் போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடவும் முடியும். செப்டம்பரிலேயே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் என்றால் தமிழிலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் பாட்டிகளும் தாத்தாக்களும் வெயிலில் நிற்பது குறையும். அவர்களோடு வரும் மகனின் கோபமும் குறையும், உண்மையில் கத்துவது பெரும்பாலும் மகன்தான்.

சர்வர் நின்றுவிட்டால் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்வது ரொம்ப மோசமான வழக்கம். ஒருவர் எழுந்து வரிசைக்கே போக வேண்டும். எது ஓடவில்லை, அது இல்லாமல் இன்றைக்கு எந்த வேலை முடியும், எது முடியாது, யார் போய்விட்டு நாளை வந்தால் நல்லது என்று வரிசையின் கடைசி ஆள் வரை சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் நின்றவரிடம் "நாளே பன்னி" (நாளைக்கு வாங்க) என்று சொல்வதுதான் சண்டையைக் கிளப்பும். சர்வர் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் காரணத்தோடு சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

அடுத்தது ரசீது. கர்நாடகாவில் 2011-ல் வந்த சேவை உறுதிச் சட்டத்தின்படி, சகாலா என்று சொல்லப்படும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள வேலைக்கு விண்ணப்பித்தால் ஓர் எண் தர வேண்டும், எத்தனை நாளில் முடியும் என்று கணக்கு உண்டு, தவறினால் அப்பீல் உண்டு. அந்த எண்ணைத் தராமல் "பார்க்கலாம் சார்" என்று அனுப்பும் ஊழியர் நாளைய சண்டைக்கு இன்றே டோக்கன் போடுகிறார். வங்கி என்றால் புகாரை எழுத்தில் வாங்கி முத்திரை போட்டுக் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், வங்கிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், விசாரிக்க எண் 14448 என்று நாமே சொல்லலாம். மாநில அரசு ஆபீஸ் என்றால் ஜனஸ்பந்தனா புகார் எண் 1902. நம்மைப் பற்றிப் புகார் செய்ய நாமே வழி காட்டுவதா என்று சீனியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். போவதற்கு வேறு கதவு இருப்பது தெரிந்தவர் நம் மேஜையைத் தட்ட மாட்டார் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. பல ஆபீஸ்களில் நுழைந்ததும் "பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுத்தால் சிறை" என்று சட்டப்பிரிவு எண்ணோடு சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு தொங்கும். அதைக் கழற்றிவிடுங்கள் என்பேன். அடிக்கத் துணிந்தவன் போர்டைப் படிக்கப் போவதில்லை, சும்மா வந்தவருக்கோ வாசலிலேயே மிரட்டல். அதே இடத்தில் எந்த வேலைக்கு எந்த கவுன்டர், என்னென்ன பேப்பர் வேண்டும், அங்கே வேலை நடக்காவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிப் போடலாம்.

மொழி

நம் தமிழ் ஆட்களுக்கு இது தனியாகவே சொல்ல வேண்டியது. 2025 மே மாதம் ஆனேக்கல் தாலூகாவில் ஓர் அரசு வங்கிக் கிளையின் மேனேஜர் கன்னடத்தில் பேச மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் வாதாடிய வீடியோ பரவி, முதல்வர் வரை கண்டித்து, மேனேஜருக்கு மாற்றல் வந்தது. வேலை என்னமோ சின்னதாகத்தான் இருந்திருக்கும், வாதம் மொழிக்குத் தாவியதும் அது வங்கி விவகாரமாக நிற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வரும் இளம் ஆபீசர்களிடம் நான் சொல்வது, "கன்னடா கொத்தில்ல" (கன்னடம் தெரியாது) என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ, ஹேளி சார்" (கொஞ்சம் கொஞ்சம் வரும், சொல்லுங்க சார்) என்று சொல்லிவிட்டு, கன்னடம் தெரிந்த சக ஊழியரைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். முதல் வாரமே உட்காரச் சொல்ல, காத்திருக்கச் சொல்ல, கையெழுத்து கேட்க, நாளை வரச் சொல்ல, பத்துப் பதினைந்து வாக்கியம் மனப்பாடம் செய்துவிடலாம், நமக்கு அது கஷ்டமான மொழி இல்லை. வங்கியில் கவுன்டர் போர்டுகள் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சலான், படிவமும் கன்னடத்தில் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டோர் ரூமில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று வாடிக்கையாளரோடு விவாதம் செய்ய கவுன்டர் இடமே இல்லை. எதிரில் நிற்பவர் வேண்டுமென்றே கேமராவோடு வந்திருந்தால் கூட.

குரல் ஏறிவிட்டால்

முதலில் அவர் பிரச்சினையை அவரிடமே ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். "உங்க பென்ஷன் இந்த மாசம் ஏறல, போன வாரமும் வந்தீங்க, பதில் கிடைக்கல, அதானே சார்?" இப்படிச் சொன்னதும் பலருக்குக் குரல் இறங்கும், ஏனென்றால் இதுவரை யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் பாதிக் கோபம். பேர் கேளுங்கள், பேர் சொல்லிப் பேசுங்கள். "அமைதியா இருங்க" என்று சொல்லாதீர்கள், அதைக் கேட்டு அமைதியானவரை நான் பார்த்ததில்லை. "ரூல் அப்படித்தான்", "மேலிருந்து வந்த ஆர்டர், நான் என்ன பண்றது" இரண்டும் வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லி, முடியக்கூடிய இரண்டு வழியை முன்னால் வையுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்து அனுப்பினால் அவர் திரும்பி வரும்போது உங்கள் சீட்டில் இருப்பது வேறொருவர், அடி அவருக்கு.

போனில் வீடியோ எடுக்கிறார்களா? பிடுங்கப் போகாதீர்கள், கையால் மறைக்காதீர்கள், பதிலுக்கு உங்கள் போனையும் தூக்காதீர்கள். வைரலாகும் வீடியோக்களில் பெரும்பாலும் ஓடுவது அந்தப் பிடுங்கும் காட்சிதான். "எடுங்க சார், பக்கத்துல இருக்கிறவங்க பாஸ்புக், ஆதார் மட்டும் தெரியாம எடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம்.

இது ஆறவில்லை என்றால் முகத்தை மாற்ற வேண்டும். மேனேஜரோ சீனியரோ வந்து "நான் பாத்துக்கறேன்" என்றதும் ஊழியர் எழுந்து உள்ளே போய்விட வேண்டும், நின்று "நான் அப்படிச் சொல்லவே இல்ல சார்" என்று தொடரக் கூடாது. வருகிற சீனியரும் கூட்டத்துக்கு முன்னால் ஊழியரைத் திட்டிவிட்டு, முடியாது என்று சொன்ன வேலையைச் சட்டென முடித்துக் கொடுக்கக் கூடாது. இதைச் செய்யும் மேனேஜர்கள் ஏராளம். கத்தினால் வேலை நடக்கும் என்று வரிசையில் நிற்கும் எல்லாரும் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறார்கள். தப்பு ஊழியர் மேல் என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கோபக்காரரை கேபினுக்கு அழைத்துப் போனால் கதவு திறந்தே இருக்கட்டும், இன்னொருவர் கூட இருக்கட்டும்.

எப்போது பேச்சை நிறுத்துவது? தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது. "உன் பேர் என்ன, எங்க இருக்க, எத்தனை மணிக்கு வெளிய வருவ" என்று கேட்டால், கவுன்டர் தாண்டிக் கை நீட்டினால், மேஜையில் இருப்பதை எடுத்தால், கூட வந்தவர்கள் சுற்றி வந்து நின்றால், கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால், சமாதானம் பேசும் நேரம் முடிந்தது. எழுந்து போய்விடுங்கள். கேஷ் டிராயரைப் பூட்ட ஒரு நொடி கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் போங்கள்.

போவதற்கு வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். நம் ஆபீஸ்களில் பின்கதவுக்கு முன்னால் பழைய ரெக்கார்டு பீரோ நிற்கும், அதை நகர்த்துங்கள். உங்கள் நாற்காலியில் இருந்து எழுந்தால் வந்தவரைத் தாண்டாமல் வெளியே போக முடிய வேண்டும். பேப்பர் வெயிட், கத்திரி, பேப்பர் குத்தும் கம்பி எல்லாம் டிராயருக்குள். கவுன்டர் கதவின் கொண்டி உள்ளிருந்து விழுகிறதா? வங்கியில் மேஜைக்குக் கீழே அலாரம் பட்டன் இருக்கும், அது எங்கே இருக்கிறது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது, பழையவருக்கு வேலை செய்கிறதா என்று தெரியாது. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு குறிச்சொல்லும் பேசி வைத்துக்கொள்ளலாம், "அந்த நீல ஃபைலைக் கொண்டு வாங்க" என்றால் உடனே ரெண்டு பேர் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது போல. செக்யூரிட்டி அண்ணன் கண்ணில் படும்படி நின்றால் போதும், யார் மேலும் கை வைக்கக் கூடாது என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

போலீசுக்கு 112. பெங்களூருவில் ஹொய்சளா என்ற போலீஸ் ரோந்து வண்டி வரும். ஆபீஸ் பெயர், பக்கத்து அடையாளம், எத்தனை பேர், கையில் ஆயுதம் இருக்கிறதா, யாருக்காவது அடிபட்டதா, இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. யார் கூப்பிடுவது என்பதை முன்பே பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் இன்னொருவர் கூப்பிட்டிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

வெளியே போகும் வேலை

சர்வே, கடன் வசூல், மீட்டர், ஆக்கிரமிப்பு அகற்றல், பஸ். இங்கே கவுன்டரே கிடையாது. 2020 ஜூலையில் பெங்களூருவுக்குப் பக்கத்தில் பங்காருபேட்டையில் நிலத்தகராறு சர்வேக்குப் போன தாசில்தார் குத்திக் கொல்லப்பட்டார். 2024 அக்டோபரில் ஒயிட்ஃபீல்ட் பக்கம், படியில் நிற்காதே என்று சொன்ன பிஎம்டிசி கண்டக்டரை ஒரு பயணி கத்தியால் குத்தினார். தகராறு உள்ள நிலம் என்று ஃபைலிலேயே தெரிந்தால் முன்கூட்டியே ஸ்டேஷனுக்கு எழுத்தில் பந்தோபஸ்து கேளுங்கள், தராவிட்டால் சர்வே தேதியைத் தள்ளி வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் போன் வராவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதும் பேசியிருக்க வேண்டும். கண்டக்டர் அண்ணன்மார் இரண்டாவது முறை சொல்லியும் கேட்காதவரிடம் மூன்றாவது முறை தனியாக வாதாட வேண்டாம். வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரைவரும் பயணிகளும் பார்க்கும்படி பேசுங்கள்.

அடி விழுந்த பிறகு

இங்கேதான் ஆபீஸ் ஊழியரைக் கைவிடும். "சமாதானமாப் போயிடலாம், பேர் கெட்டுப் போகும், ஆள் லோக்கல்" என்று பேச்சு ஆரம்பிக்கும். அதற்குள் சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பௌரிங்கோ விக்டோரியாவோ கே.சி. ஜெனரலோ எது பக்கமோ அங்கே, சம்பவத்தைச் சொல்லி எம்.எல்.சி. (போலீஸ் கேஸுக்கான மருத்துவப் பதிவு) பதியச் சொல்லுங்கள். காயம் சின்னது என்று பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் பின்னால் கேஸ் வலுவிழக்கும். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், எனவே அன்றைக்கே அதை எடுத்து வைக்கும்படி மேனேஜருக்கு மெயில் போடுங்கள். கோர்ட்டில் அது செல்ல பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், பதிவை எடுத்துக் கொடுப்பவரிடம் அப்போதே வாங்கிவிடலாம். பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், தன் கையால் எழுதட்டும். கெட்ட வார்த்தையை நாசூக்காக மாற்றாமல் சொன்னபடியே எழுத வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு தெளிவு. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பழைய 353-ஆம் பிரிவு இப்போது 132. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தாக்கினாலோ பலப்பிரயோகம் செய்தாலோ 2 ஆண்டு வரை சிறை. காயம் ஏற்பட்டிருந்தால் 121, சாதாரணக் காயத்துக்கு 5 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 1 முதல் 10 ஆண்டு. அரசு வங்கி, அரசு கம்பெனி ஊழியர்களும் இதில் பொது ஊழியர்கள்தான். ஆனால் கத்தினார், திட்டினார் என்பது மட்டும் 132 ஆகாது, அதைப் போட்டு எழுதினால் ஸ்டேஷனிலேயே சிரிப்பார்கள். வேலையைத் தடுத்தார் என்பது 221, அதை கோர்ட் எடுத்துக்கொள்ள சம்பந்தப்பட்ட ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மேலதிகாரி கையெழுத்து போட மறுத்தால் நீங்களே கொடுக்கலாம் என்பதைத்தான் இதில் நினைவில் வைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆருக்கான புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் என்.சி.ஆர். (சிறு குற்றம் என்ற பதிவு) மட்டும் எழுதித் தருகிறேன் என்றால் காய அறிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.

ஆனால் புகாரை ஊழியர் தனியாக எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரக் கூடாது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, மத்திய அரசு மருத்துவமனைகளில் ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்ற ஆபீஸ்களுக்கு அப்படி உத்தரவு இல்லாவிட்டாலும் அதே அளவுகோலை யூனியன் கேட்க வேண்டும்.

பெண் ஊழியர்களை வெளியாட்கள் தொந்தரவு செய்தாலும் அது ஆபீசின் பொறுப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சக ஊழியரை மட்டும் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியாள் செய்திருந்தாலும், அந்தப் பெண் விரும்பினால், போலீஸ் நடவடிக்கை தொடங்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உள்ளே நடந்தது என்றால் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த இடத்திலும் உள் கமிட்டி இருக்க வேண்டும். புகார் கொடுக்க 3 மாதம், காரணம் சொன்னால் இன்னும் 3 மாதம், விசாரணைக்கு 90 நாள். கமிட்டி உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா, அதில் ரிட்டயரானவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளுக்குள் நடக்கும் சண்டை

இது பெரும்பாலும் லீவு, சீட், டிரான்ஸ்ஃபர். பொங்கலுக்கு நமக்கு ஊருக்குப் போக வேண்டும், அவர்களுக்கு உகாதிக்கு. டிசம்பரிலேயே வருட லீவு பட்டியலை எல்லார் முன்னாலும் எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை வராது. மீதிக்கு மேனேஜர் இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, எழுதி, அப்புறம் சேர்த்து உட்கார வைக்கட்டும். புகார் கொடுத்தவரையே வேறு சீட்டுக்கு மாற்றிவிட்டு "பிரச்சினை முடிஞ்சுது" என்று சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. ஊழியரைச் சாதியைச் சொல்லி இழிவு செய்தால் அது ஆபீஸ் தகராறே இல்லை, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போக வேண்டியது, அதை டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசும் விஷயமாக நினைக்காதீர்கள்.

ஒப்பந்த ஊழியர்கள் இதில் எல்லாம் விட்டுப்போவார்கள். முன்வாசலில் முதல் அடி வாங்குவது ஏஜென்சி செக்யூரிட்டியும் டேட்டா என்ட்ரி பெண்ணும்தான். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு, வேலையில் பட்ட காயம் என்று ஏஜென்சி எழுதித் தர வேண்டும், அதை வாங்கித் தருவது ஆபீசின் வேலை. வேலையை விட்டு அனுப்புவதிலும் கவனம் வேண்டும். 2023 நவம்பரில் பெங்களூருவில் கனிமவளத் துறையின் பெண் அதிகாரி வீட்டில் கொல்லப்பட்டபோது கைதானவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஒப்பந்த ஓட்டுநர். ஒருவரை நீக்கும் முடிவு ஒரே அதிகாரியின் முகமாகத் தெரியக் கூடாது. ஏஜென்சி ஆளும் சேர்ந்து, காரணத்தை எழுத்தில் கொடுத்து, பாக்கியை அன்றைக்கே செட்டில் செய்து, சாவி, ஐடி கார்டு வாங்கி அனுப்புங்கள், அவமானப்படுத்தாமல்.

கேஸ் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும். சம்மன் பழைய ஆபீஸ் முகவரிக்குப் போய் யாரோ ஒருவர் டிராயரில் கிடக்கும். கிளம்பும்போதே புதிய முகவரியை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், புகார், எம்.எல்.சி., சாட்சி எழுதியது, சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் ஒரு செட் இருக்கட்டும். சாட்சி சொல்லப் போகும் நாளை லீவாகப் போடாமல் டியூட்டியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அன்றைக்குப் பழைய ஆபீசில் இருந்து ஒருவராவது கூட வர யூனியன் ஏற்பாடு செய்யட்டும்.